அமலி பவனின் பெயர் ஓடு

காலைக் காப்பி பாதி டம்ளரில் ஆறிக்கொண்டிருந்தது. பட்டறை மேசையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் மேல் அந்த ஓடு இருந்தது. சூளையிலிருந்து எடுத்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி சொல்கிறது என்று நினைத்து, பழக்க தோஷத்தில் மேசையை விரலால் தட்டினேன்.

மறுபடியும் 'டிக்'. இந்த முறை நான் ஓட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு தானாகத் தெறித்துச் செய்தித்தாளில் விழுந்தது. யாரும் தொடவில்லை. மாசி மாதத்துப் புழுக்கம், காற்று என்ற பேச்சே இல்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். சில்லு போன இடத்தில் சின்னக் குழி. குழியின் நடுவில் கடுகு போல ஒரு வெள்ளைப் புள்ளி.

போச்சு. "ஏங்க, இங்க ஓடி வாங்க" என்று கத்தினேன்.

என் வீட்டுக்காரர் பேங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கூரை இடிந்து விழுந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். வந்தார், பார்த்தார்.

"ஒரு துணுக்கு போயிருக்கு. இதுக்கு ஏம்ட்டி இந்தக் கூப்பாடு? கொஞ்சம் சிமெண்ட வச்சு அடைச்சிரு."

"அடைக்கிறதா? உள்ள இன்னும் எத்தனை கெடக்கோ? இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டுன்னு பொட்டிக்கிட்டே இருக்கும். கடைசில பேரே மிஞ்சாது."

எங்கள் பக்கத்தில் வெடிப்பதையும் தெறிப்பதையும் பொட்டுவது என்றுதான் சொல்வோம். ஓட்டில் இருந்த பேர் 'அமலி பவன்'. சிவந்த மண்ணில் கீறி, வெள்ளைக் களிமண் குழம்பால் நிரப்பிய எழுத்து. அந்த 'ப'வின் கால் இப்போது பாதி இல்லை.

இதே போல இருபதுக்கும் மேற்பட்ட ஓடுகள் அலமாரியில் காய்ந்து, சூளைக்குப் போகக் காத்திருந்தன. மூன்று வாரத்தில் எல்லாம் கொச்சியில் ஒரு கண்காட்சிச் சுவரில் இருந்தாக வேண்டும். அந்த வெள்ளைப் புள்ளி எல்லாவற்றிலும் இருந்தால்?

என் பயத்தின் கதை

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், 'நீங்கள் ஏன் வாரா வாரம் இப்படிப் பதறுகிறீர்கள்?' என்று கேட்டு எழுதுகிறார்கள். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? படம் வரைகிறவர் வரைய வரையப் பார்த்துக்கொள்ளலாம். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்கிறது. நாங்களோ, வாரக்கணக்கில் செய்த வேலையை அடுப்புக்குள் வைத்து, கதவையும் மூடிவிட்டு, உள்ளே என்ன ஆகிறது என்று தெரியாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறோம். ஆபரேஷன் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சு மாதிரிதான் என் பட்டறை ஸ்டூல்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் நெல் வயல் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள் நான். 'பிள்ளை மண்ணில் விளையாடுகிறாள்' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அந்த விளையாட்டு நிற்கவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு, மணவாளக்குறிச்சிக்குப் போகிற வழியில் வீடு கட்டியபோது, கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டேன். கார் இன்றுவரை வெயிலில்தான் நிற்கிறது. அது பற்றி எங்கள் வீட்டில் பேசிப் பேசி இப்போது பேசுவதில்லை.

சென்னையில் நடந்த என் முதல் கண்காட்சியைச் சொன்னால் என் பயத்தின் அளவு புரியும். இடுப்பளவு உயரத்தில் ஒரு ஜாடி செய்து, மரப்பீடத்தில் வைத்திருந்தேன். திறந்து வைக்க வந்த பெரிய மனிதர் அந்தப் பீடத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பற்றி வெகு நேரம் புகழ்ந்தார். ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. கண் முழுக்க அந்த முழங்கையில் இருந்தது. பேசி முடித்ததும் மைக்கை என்னிடம் நீட்டி, "எப்படி உணர்கிறீர்கள்?" என்றார்கள். "முதல்ல சார் கையை எடுக்கட்டும்" என்றேன். சபை சிரித்தது. நான் நகைச்சுவையாகப் பேசுகிறவள் என்று மறுநாள் ஒரு பத்திரிகைகூட எழுதியது. எனக்குத்தானே தெரியும்!

கடல் எடுத்த வீடுகள்

பிரிஜித் அக்கா எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறவள். ஐம்பதைத் தாண்டிய வயது. தெருமுனையில் குரல் கேட்டாலே பூனைகள் மதில்மேல் வந்து உட்கார்ந்துவிடும். அவளுடைய கடற்கரை ஊரில் ஒவ்வொரு வருஷமும் ஆனி, ஆடிக் கடல் வரும்போது கரை கொஞ்சம் போகும். முதலில் வலை உலர்த்துகிற இடம் போனது. அப்புறம் சாலை. அப்புறம் முதல் வரிசை வீடுகள். கல் கொட்டினார்கள், கல்லுக்குப் பின்னாலும் தண்ணீர் வந்தது.

இரண்டாம் வரிசையும் போனபிறகு, உள்ளே தள்ளி ஓரிடத்தில் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல உறுதியான வீடுகள்தான். ஆனால் எல்லாம் ஒரே அளவு, ஒரே மஞ்சள் சுண்ணம், ஒரே பச்சைக் கதவு. குடியேறிய புதிதில் பிரிஜித் அக்கா பக்கத்து வீட்டுக்குள் போய்க் கூடையை இறக்கிவிட்டு, 'எனக்க அடுப்ப யாரு இடம் மாத்தி வச்சது?' என்று சண்டை போட்டிருக்கிறாள்.

எங்கள் ஜில்லாவில் வீட்டுக்குப் பேர் இல்லாமல் இருக்காது. ஓட்டு வீடானாலும் ஓலை வீடானாலும் பவன், இல்லம், காட்டேஜ் என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவளுடைய பழைய வீட்டின் பேர் அமலி பவன். அமலி அவளுடைய மகள். இப்போது குவைத்தில் நர்ஸ்.

ஒருநாள் மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"டீச்சரே, நிங்க இந்த மண்ணுல என்னென்னமோ செய்யுதிய. எனக்க வீட்டுக்கு ஒரு பேரு எழுதித் தரப்பிடாதா?"

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. எங்கள் ஊரில் கண்ணாடி போட்ட பொம்பளைக்கெல்லாம் டீச்சர்தான்.

"நான் எழுத மாட்டேன் அக்கா. நீங்க வந்து எழுதுங்க, நான் சுட்டுத் தாறேன்."

"எனக்குக் கை ஓடாது கேட்டியளா."

"மீன் வெட்டுற கை ஓடாதா?"

வந்தாள். தனியாக வரவில்லை, தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள். மீன் விற்று முடிந்த மத்தியானங்களில், டவுன் பஸ் பிடித்து, வெற்றுக் கூடைகளோடு வந்து இறங்குவார்கள். செங்கல் சூளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய குளத்து மண்ணைப் பிசைந்து, விரல் கனத்துக்குத் தட்டி, ஈர்க்குச்சியால் பேர் எழுதினார்கள். பட்டறையில் ஈர மண் வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து அடித்தது. அந்த மத்தியானங்களில் எனக்குப் பயமே இருந்ததில்லை என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். அவ்வளவு சிரிப்பு.

அந்த மத்தியானங்களில் நான் எடுத்துப் போனில் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் கொச்சியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு கண்காட்சிக் கூடத்தின் பொறுப்பில் இருக்கும் பெண், ஒரு முழுச் சுவரைத் தருவதாகச் சொன்னாள். கடல் எடுத்த வீடுகளின் பேர்கள் மட்டும், வேறு எதுவும் வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவார்களாம். 'அந்தக் கறுப்புப் புள்ளிகள் ரொம்ப அழகு, அது எப்படி வந்தது?' என்று கேட்டாள். குளத்து மண்ணின் குணமாக இருக்கும் என்றேன். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வெள்ளைப் புள்ளி

இப்போது பட்டறை மேசைக்கு வருகிறேன்.

அந்த வெள்ளைப் புள்ளி சுண்ணாம்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிப்பியையும் கிளிஞ்சலையும் சுட்டால் சுண்ணாம்பாகும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்த காலத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பீப்பாயில் தண்ணீர் விட்டதும் கொதித்து, புகைந்து, பொங்கும். 'கண்ணுல தெறிக்கும், தள்ளிப் போ' என்று நம்மை விரட்டுவார்கள்.

ஓட்டுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. மண்ணில் கிளிஞ்சல் துண்டு இருந்தால் சூளையில் அது சுண்ணாம்பாகிவிடும். வெளியே வந்ததும் காற்றிலிருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வீங்கும். வீங்க இடமில்லாமல் மேலே இருக்கிற மண்ணைத் தள்ளி உடைக்கும். எடுத்த அன்றைக்கு ஓடு நன்றாகத்தான் இருக்கும். நாலு நாள், பத்து நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஒரே அடியாக உடைந்தாலாவது அழுதுவிட்டுப் போகலாம். இது காத்திருக்க வைத்துக் கொல்கிற ரகம்.

ஆனால் குளத்து மண்ணில் கிளிஞ்சல் எங்கிருந்து வந்தது? ஒரு உருண்டைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. செங்கல் சூளைக்காரர் பிழைத்தார். பிறகு, பெண்கள் ஓரம் வெட்டிப்போட்ட சுடாத துண்டுகளை எடுத்துத் தனியாகக் கரைத்தேன். கலங்கல் தெளிந்ததும் பாத்திரத்தின் அடியில் பார்த்தால், கறுகறுவென்று மணல். மணவாளக்குறிச்சிக் கரைக்கே உரிய கருமணல். அதற்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்க் கிளிஞ்சல் பொடி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

ஒரு பிடிதான்

மத்தியானம் பஸ் வந்தது. வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர்கள், என் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பாத்திரத்தை நடுவில் வைத்தேன்.

"என்னத்தக் கலந்திய என் மண்ணுல?"

கூட்டத்தில் இளையவள் ஜெசிந்தா, கைக்குழந்தைக்காரி. அவள் பிரிஜித் அக்காவைப் பார்த்தாள். பிரிஜித் அக்கா கூரையைப் பார்த்தாள்.

"ஒரு பிடிதான் டீச்சர்" என்றாள் ஜெசிந்தா, மெதுவாக.

"யாரு போட்டது?"

"எல்லாரும்."

அட கடவுளே!

பிறகுதான் பிரிஜித் அக்கா பேசினாள். வீடு மாறினால் பழைய வீட்டுத் தரையில் ஒரு பிடி மண் எடுத்து, புது வீட்டு வாசல்படிக்கு அடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்களாம். அவள் அம்மா செய்தது, அத்தை செய்தது. இந்த முறை செய்ய முடியவில்லை.

"பழைய வீடு வெள்ளத்துல கெடக்கு. புது வீட்டுச் சாவியப் பந்தல்ல வச்சுத் தந்தாவ. உள்ள போய்ப் பாத்தா முழுக்க சிமெண்டும் டைல்சும். மண்ணு போட ஒரு எடமில்ல டீச்சரே. எங்க கொண்டு போட? வேல் வடியும்ப கல்லுக்கு இடையில எறங்கி, எனக்க வீடு இருந்த எடத்துல ஒரு பிடி அள்ளினேன். டிபன் பாக்சுல கொண்டு வந்து இதுல போட்டுப் பெசஞ்சேன். இவளுவ பாத்துட்டு, அடுத்த நாளு ஆளுக்கொரு டிபன் பாக்ஸ்."

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்; கடல் பின்வாங்குகிற நேரத்தைத்தான் வேல் வடிவது என்று சொன்னாள். எனக்கு அப்போது அதெல்லாம் மனதில் பதியவில்லை.

"அது உங்க வீட்டு மண்ணா அக்கா? கடல் எங்கிருந்தோ அடிச்சுக் கொண்டு போட்ட மண்ணு. ஒரு வாரத்துல நூறு தடவ மாறியிருக்கும்."

"கடல் கொண்டு போனதும் எனக்க வீடுதானே. அதுல கொஞ்சமாவது திருப்பிப் போட்டிருக்காதா?"

ஆனாலும் என் கோபம் இறங்க மறுத்தது. "சரி, எல்லாத்தையும் கரைச்சிருவோம். சுத்த மண்ணுல புதுசாச் செய்வோம். ராப்பகலா நான் உக்காருதேன்" என்றேன்.

ஜெசிந்தா தன் ஓட்டை அலமாரியிலிருந்து எடுத்து, குழந்தையைப் போல மார்போடு வைத்துக்கொண்டாள்.

"அது இல்லேன்னா இது வெறும் டைல்ஸ்தானே டீச்சர். நாகர்கோவில்ல கடையில கிட்டும்லா?"

வெள்ளத்தில் போடு

செங்கல் வேலையில் ஒரு வழி உண்டு என்று படித்திருக்கிறேன். சுண்ணாம்பு இருக்கிற செங்கலைச் சூளையிலிருந்து எடுத்த கையோடு தண்ணீரில் முக்கிவிடுவார்கள். மெதுவாக வீங்க வேண்டிய சுண்ணாம்பு, தண்ணீர் மொத்தமாகக் கிடைத்ததும் கூழாகக் குழைந்துவிடும், ஓட்டைத் தள்ளாது. ஆனால் ரொம்பச் சூடாக முக்கினால் ஓடு விரிசல் விடும். ரொம்ப ஆறவிட்டால் பயனில்லை. படித்ததோடு சரி, செய்ததில்லை. செய்து பார்க்க மாதிரிக்கு ஒரு ஓடுகூட உபரியாக இல்லை. ஒவ்வொன்றும் ஒருத்தியின் வீடு.

கொச்சிக்குப் போன் செய்து, 'வராது, மன்னியுங்கள்' என்று சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தடவை போனை எடுத்தேன், வைத்தேன். "சொல்லிட்டா ஓடு பொட்டாதா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அந்த மனிதர் எப்போதாவதுதான் பேசுவார், அதையும் இந்த மாதிரி பேசுவார்.

மண்டைக்காட்டுப் பகவதி கோயில் கொடை விழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ரோடு முழுக்கப் பக்தர்களும் பஸ்களும். திருவிழா வெளிச்சத்துக்கு மின்சாரம் இழுத்து, நடுவில் கரண்ட் போனால் என் மின் சூளை பாதியில் நிற்கும். நல்ல வேளை, கரண்ட் போகவில்லை. நான் சூளையைச் சுற்றி நடந்து நடந்து, கொட்டகைத் தரையில் தடமே விழுந்துவிட்டது. தண்ணீர் குடிக்க மறந்து, அப்புறம் மொத்தமாகக் குடித்து, அப்புறம் அதற்கு அவஸ்தைப்பட்டேன்.

சூளை ஆறிக் கதவு திறக்கிற காலையில் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொண்டு வந்திருந்தார்கள். கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பினோம். துணி சுற்றிய கையில் பிடிக்க முடிகிற சூடு வந்ததும், முதல் ஓட்டை எடுத்தேன்.

"கடல்ல போனது போராதா டீச்சர்? திரும்பவும் வெள்ளத்துலயா?" என்றாள் ஜெசிந்தா. அது அவளுடைய ஓடு.

"கண்ண மூடிக்கிடு" என்றேன். நான் மூடிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

ஓடு உள்ளே போனதும் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக இரைந்தது. அதன் மேலெல்லாம் சின்னச் சின்னக் குமிழிகள் விட்டு விட்டு வந்தன, மூச்சுவிடுகிற மாதிரி. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் என் பங்குக்குப் பகவதியைக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றாக முக்கினோம். அவ்வளவு பேர் நிற்கிற இடத்தில் தண்ணீர் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது.

எடுத்துக் காயவைத்தபிறகுதான் நிஜமான அவஸ்தை. பட்டறையில் ரேடியோ போடக்கூடாது, பாத்திரம் உருட்டக்கூடாது என்று உத்தரவு போட்டேன். 'டிக்' கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரின் முழங்கால் சொடக்குப் போட்டதற்குக்கூடத் துள்ளி எழுந்தேன். ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது. இரண்டு ஓடுகளின் மூலையில் பொட்டு அளவுக்குக் குழி விழுந்தது. வேறொன்றும் ஆகவில்லை. ஜெசிந்தாவின் ஓடு முழுசாக நின்றது. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அந்த இடம் இல்லை

பிழைக்காதது ஒன்றுதான். அமலி பவன். மண் சுடும் பதம் பார்க்க, நான் முதலில் தனியாகச் சுட்டது அதைத்தான். அதன் உள்ளே ஈரம் ஏற்கெனவே ஏறிவிட்டது. பிறகு முக்கியும் கேட்கவில்லை. முதலில் 'ப' போனது, பிறகு 'ன்'. ஒரு காலையில் பார்த்தால் குறுக்கே உடைந்து துண்டு துண்டாகக் கிடந்தது.

மற்றவர்கள் தங்கள் ஓடுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, பிரிஜித் அக்கா அந்தத் துண்டுகளின் முன்னால் நின்றாள்.

"அக்கா, இன்னொரு பிடி எடுத்துட்டு வாங்க. இந்தத் தடவ நானே கிளிஞ்சல அரிச்சு எடுத்துட்டுக் கலக்குதேன்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் மீன் வரவில்லை. கொச்சி வண்டி வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மத்தியானம் வந்து, டிபன் பாக்ஸைத் திறந்து மேசையில் வைத்தாள். காலியாக இருந்தது.

"அந்த எடம் இல்ல டீச்சரே. முன்ன வேல் வடிஞ்சா தரை தெரியும். இப்பம் கல்லும் உள்ள தாந்து போச்சு. ஆழம். நானும் எல்லா நாளும் போய் நிண்ணு பாத்தேன், தரை தெரியவே இல்ல."

"பக்கத்துல எடுத்திருக்கலாமே அக்கா?"

"பக்கத்துல சூசையம்மாளுக்க வீடுல்லா?" என்றாள்.

தண்ணீருக்கு அடியிலும் அவளுக்கு எல்லை தெரிந்தது. அவள் வீட்டு மண் என்று இனி இந்த உலகத்தில் இருப்பது, என் மேசையில் உடைந்து கிடக்கிற இந்தத் துண்டுகளில் இருப்பதுதான். இது உறைத்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. சுட்ட மண்ணைப் பொடித்துப் பச்சை மண்ணில் கலப்பது எங்கள் தொழிலில் தினசரி நடக்கிற காரியம். சுண்ணாம்பும் பெரிய துண்டாக இருந்தால்தான் ஆபத்து. மாவாகிவிட்டால் அதற்குத் தள்ளுகிற பலம் கிடையாது.

"அக்கா, இத இடிக்கணும். மாவா இடிக்கணும். முடியுமா?"

துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்க கையாலயா?"

"நான் இடிக்கட்டுமா?"

"வேண்டாம். குடுங்க."

உரலில் போட்டு இடித்தாள். நல்ல தெம்பான கை. முதல் குத்திலேயே 'அமலி' போனது. நான் திரும்பிக்கொண்டேன். இடித்ததைச் சலித்து, தங்கியதை மறுபடி இடித்து, கடைசியில் விரலில் உருளாத செந்தூள் ஆனது. முந்தானையில் ஒட்டிய தூளைக்கூட உதறிச் சேர்த்தாள். அதை அப்படியே புது மண்ணில் போட்டுப் பிசைந்தாள். ஈர்க்குச்சியை எடுத்து மறுபடியும் எழுதினாள்.

காய வைத்து, சுட்டு, முக்கி எடுத்தபோது, கொச்சி வண்டி வர ஒரு நாள்தான் பாக்கி. அந்த ஓடு மற்றவற்றைவிடக் கொஞ்சம் வெளிறி இருந்தது. விரலால் தட்டிப் பார்த்தேன், நல்ல சத்தம். ஆனால் எத்தனை நாள் பார்த்தேன் என்று சொல்ல? ஒரு நாள்கூட இல்லையே. உள்ளே எங்காவது ஒரு கடுகு தப்பியிருந்தால்?

வண்டியில் மற்ற ஓடுகளை வைக்கோல் சுற்றி ஏற்றினோம். பெண்கள் அவரவர் ஓட்டைத் தொட்டு முத்தமிட்டு அனுப்பினார்கள். பிரிஜித் அக்கா தன்னுடையதைத் தரவில்லை. துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து, கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு மாசந்தான் அக்கா. கட்டாயம் திரும்பி வரும். அங்க எவ்வளவு பேரு பாப்பாங்க தெரியுமா?"

"பாத்தது போரும் டீச்சரே. இனி இது எங்கயும் போவாண்டாம்."

கொச்சியில் சுவரைத் தயார் செய்திருந்த பெண் போனில், "நடுவில் ஓரிடம் காலியாக இருக்கிறதே, எப்போது வரும்?" என்று கேட்டாள். "அது வீட்டுக்குப் போயிட்டுது" என்றேன். அப்படியே காலியாக விட்டுவிட்டார்கள்.

புது வீட்டில் ஓடு பதிக்கிற அன்று என்னையும் கூப்பிட்டாள். போனேன். மஞ்சள் சுவரில் கொத்தனார் சதுரமாகக் கொத்தி வைத்திருந்தார். சிமெண்ட் குழைந்துகொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன்.

"அக்கா, இன்னும் ரெண்டு வாரம் பட்டறையில வச்சுப் பாத்துரலாமா? எனக்குப் பயமா இருக்கு. உள்ள மிச்சம் இருந்தா சொவத்துல வச்சே பொட்டும்."

அவள் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"பொட்டட்டு டீச்சரே. எனக்க வீட்டுல இருந்துதானே பொட்டுது."